ஹாஸ்கெல் படிச்சா சோறு போடுமா?

மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு எஃப்.ஐ.டி. 2102 என்று ஒரு பாடம் உண்டு. பெயர் 'புரோகிராமிங் பாரடைம்ஸ்'. டைப்ஸ்கிரிப்ட்ல ஆரம்பிச்சு, ஹாஸ்கெல் என்கிற மொழிக்குப் போகும். பைதானும் ஜாவாவும் பழகின பிள்ளைகளுக்கு இது முதல்ல ஒரு அதிர்ச்சி. ஒரு வேரியபிளுக்கு மதிப்பு கொடுத்தா அதை மாத்த முடியாது. சாதாரண 'ஃபார் லூப்' கிடையாது.

அந்த செமஸ்டர் வந்தாலே கிளேட்டன் ரோடு மளிகைக் கடையிலயும் தமிழ்ப் பள்ளி வாசல்லயும் இந்தக் கேள்வி வரும். "தம்பி, என் மகன் ஹாஸ்கெல்னு என்னமோ படிக்கிறான். வேலை விளம்பரங்கள்ல தேடிப் பார்த்தேன், அந்தப் பேரையே காணோமே. ஃபீஸ் கட்டுறது நாங்க. இது எதுக்குப் பிரயோஜனம்?"

நியாயமான கேள்விதான். நம்ம அப்பா அம்மா சூட்கேஸோட வந்து இறங்கின காலத்துல இருந்து நம்ம வீடுகள்ல படிப்புக்கான அளவுகோல் இதுதானே. அதனால இந்த மாசம் அதுக்கே ஒரு பதில். ஹாஸ்கெல் மாதிரி மொழிகளை ஃபங்ஷனல் மொழிகள்னு சொல்லுவோம். இவை நிஜ உலகத்துல எங்க சோறு போடுதுன்னு பார்க்க நல்ல இடம், வெப் சர்வர். ஒரே நேரத்துல லட்சக்கணக்கான பேருக்கு வெப் பேஜ் அனுப்புற வேலை.

பந்தியும் பரிமாறுறவங்களும்

நீங்க போன்ல ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது, எங்கேயோ இருக்கிற சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட் போகுது. அது டேட்டாபேஸ்ல விவரம் தேடி, பக்கத்தைத் தயார் பண்ணி, திருப்பி அனுப்புது. இதுல சர்வர் உண்மையா வேலை செய்ற நேரம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் காத்திருப்பு. டேட்டாபேஸ் பதில் தரணும், உங்க போன் மெதுவான நெட்வொர்க்ல ஒவ்வொரு துண்டா வாங்கிக்கணும்.

காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில்ல ஒரு விசேஷ நாளை நினைச்சுப் பாருங்க. பந்தியில ஒவ்வொரு இலைக்கும் ஒரு ஆளை நிறுத்தினா என்ன ஆகும்? சாப்பிடுறவர் மெதுவா ரசம் குடிக்கிற வரைக்கும் அந்த ஆள் வாளியோட சும்மா நிக்கணும். நூறு இலைக்கு நூறு ஆள். ஆயிரம் பேர் வந்தா ஹால்ல நிக்கவே இடம் இருக்காது.

பழைய சர்வர்கள் பலதும் இப்படித்தான் வேலை செஞ்சது. ஒவ்வொரு ஆளுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் கொடுக்கிற ஒரு புராசஸ், இல்லைன்னா ஒரு த்ரெட். ஜாவாவுல ஒரு த்ரெட்டோட ஸ்டாக்குக்கு மட்டும் வழக்கமா 1 மெகாபைட் ஒதுக்கி வைக்கும், அது முழுசா பயன்படாட்டாலும். 10,000 பேர் வந்தா கணக்கு 10 ஜிகாபைட்டைத் தொடும். இதுக்கு 'சி10கே பிரச்சினை'ன்னே பேர். 1999-ல் டேன் கெகல் என்கிற என்ஜினீயர் எழுதின கட்டுரையில இருந்து வந்த பேர் அது: ஒரே சர்வர் எப்படி 10,000 பேரைத் தாங்கும்?

ஒரு வழி, ஒரே ஆள் எல்லா இலைக்கும் சுத்திச் சுத்திப் பரிமாறுறது. என்ஜின்எக்ஸ் சர்வரும், பிறகு 2009-ல் வந்த நோட் ஜேஎஸ்ஸும் இந்த வழி. வேகமானதுதான். ஆனா யார் யாருக்கு எதுவரைக்கும் பரிமாறினோம்னு அந்த ஒரே ஆள் மனசுல வச்சிருக்கணும், அதனால புரோகிராம் எழுதுறவங்களுக்குச் சிக்கல். ஒரு இலையில மாட்டிக்கிட்டா மத்த இலை எல்லாம் காய வேண்டியதுதான்.

ஃபங்ஷனல் மொழிகள் வேற வழி காட்டுச்சு. இலைக்கு ஒரு ஆள் இருக்கட்டும், ஆனா அந்த ஆளை ரொம்ப ரொம்ப சின்னதாக்கிடுவோம். எர்லாங் மொழியில ஒரு புராசஸ் ஆரம்பிக்க சுமார் இரண்டரை கிலோபைட் மெமரி போதும். 10,000 பேருக்கு 30 மெகாபைட்டுக்குள்ள வேலை முடிஞ்சது. ஹாஸ்கெல்லயும் இதே மாதிரி லேசான த்ரெட்கள் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு பண்ணாம, மொழியே தனக்குள்ள அவங்களை வேலை வாங்கிக்கும்.

சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பு

சின்ன ஆட்களை லட்சக்கணக்குல விட்டா அவங்க ஒருத்தர் வேலையை ஒருத்தர் கெடுத்துக்க மாட்டாங்களா? இங்கதான் அந்த 'மதிப்பை மாத்த முடியாது' விதி வருது.

கல்யாண வீட்டு அடுப்படியில ஒரே அண்டா சாம்பார். சித்தி உப்பு போட்டுட்டுப் போறாங்க. அது தெரியாம அத்தை வந்து இன்னொரு பிடி போடுறாங்க. சாம்பார் போச்சு. இதைத் தடுக்கணும்னா அண்டாவுக்குப் பூட்டு போடணும்: ஒருத்தர் கிட்ட வந்தா மத்தவங்க வெளிய நிக்கணும். சாதாரண மொழிகள்ல லாக் என்று சொல்றது இதைத்தான். பூட்டு போட்டா பாதுகாப்பு, ஆனா எல்லாரும் வரிசையில நிக்கணும். பூட்ட மறந்தா, எப்பவோ ஒருநாள் கூட்டம் அதிகமா இருக்கும்போது மட்டும் தப்பு வரும். டெஸ்ட் பண்ணும்போது வராது. எங்க தொழில்ல ராத்தூக்கத்தைக் கெடுக்கிற தப்புகள் இந்த வகைதான்.

ஃபங்ஷனல் வழியில அண்டாவை யாரும் தொட முடியாது. உப்பு கூட வேணுமா? அதுல இருந்து உங்க கிண்ணத்துல எடுத்து, அதுல போட்டுக்குங்க. மூலம் மாறவே மாறாதுன்னா பூட்டு எதுக்கு? ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பார்க்கலாம். எர்லாங் இன்னும் ஒரு படி மேல. ஒவ்வொரு புராசஸுக்கும் தனி மெமரி. பேசணும்னா மெசேஜ்தான் அனுப்பணும். குப்பை அள்ளுறதும் தனித்தனி. ஒரு இலையை எடுக்கிறதுக்காக மொத்தப் பந்தியையும் நிறுத்த வேண்டியதில்லை. அதனால கூட்டம் ஏறினாலும் பக்கம் வர்ற வேகம் திடீர்னு தொங்காது.

வெப் பேஜ் அனுப்புறதுல இதுக்கு இன்னொரு நல்ல பலன் இருக்கு. கல்யாணப் பத்திரிகையை நாம ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனியா அச்சடிக்கிறோமா? உள்ள இருக்கிறது எல்லாருக்கும் ஒண்ணு. மேல பேர் மட்டும் கையால எழுதுறோம். எர்லாங் மேல கட்டின எலிக்ஸிர் மொழியில, ஃபீனிக்ஸ் என்கிற கருவி இதையேதான் செய்யுது. பக்கத்தோட தலைப்பு, மெனு, அடிக்குறிப்பு எல்லாம் மெமரியில ஒரே ஒரு பிரதி. உங்களுக்கான மாறுற பகுதியை மட்டும் புதுசா செஞ்சு, 'இதை அனுப்பு, அடுத்து அதை அனுப்பு'ன்னு ஒரு பட்டியலா நெட்வொர்க்குக்குக் கொடுத்துடும். எல்லாத்தையும் ஒட்டி ஒரு பெரிய புதுப் பிரதி எடுக்கிறதில்லை. பொதுப் பிரதியை யாரும் மாத்த முடியாதுன்னு மொழியே உத்தரவாதம் தர்றதால இது பயமில்லாம நடக்குது.

டெலிபோன்ல பிறந்தது

எர்லாங் வெப்புக்காகப் பிறக்கலை. 1980-களின் நடுவில், ஸ்வீடனோட எரிக்சன் கம்பெனியில ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூணு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நல்ல மொழி தேடினாங்க. எக்ஸ்சேஞ்ச்னா ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான அழைப்பு. ஒரு அழைப்பு அறுந்தா மத்தது அறுக்கக் கூடாது. நிறுத்தி ரிப்பேர் பண்ணவும் முடியாது.

எரிக்சன் மெல்பர்னுக்கு அந்நியமில்லை. ஆஸ்திரேலியாவின் டெலிகாம் நிறுவனம் 1977-ல் எரிக்சனின் ஏ.எக்ஸ்.இ. எக்ஸ்சேஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தது. எரிக்சனோட தொழிற்சாலை இங்க பிராட்மெடோஸ்ல இருந்தது. உங்க அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கத்திப் பேசின ஐ.எஸ்.டி. அழைப்புகள்ல பலதும் அந்த வகை எக்ஸ்சேஞ்ச் வழியா போயிருக்கும். அதுக்குள்ள ஓடினது எர்லாங் இல்லை, பிளெக்ஸ்னு வேற மொழி. அதுல எழுதுறதைவிட நல்ல வழி இருக்கான்னு தேடினதுலதான் எர்லாங் வந்துச்சு.

1998-ல் எரிக்சனோட ஒரு பிரிவு, புதுத் தயாரிப்புகளுக்கு எர்லாங் வேண்டாம்னு முடிவு பண்ணிச்சு. 'யாரும் பயன்படுத்தாத மொழி எதுக்கு' என்கிற யோசனை. அதே வருஷம் டிசம்பர்ல எர்லாங் ஓபன் சோர்ஸா வெளிய வந்துச்சு. மளிகைக் கடையில என்கிட்ட கேட்ட அதே கேள்வியை ஒரு பெரிய கம்பெனியே கேட்டு, 'பிரயோஜனமில்லை'ன்னு பதிலும் சொல்லிச்சு.

பிறகு நடந்ததைப் பாருங்க. யாஸ்னு எர்லாங்ல எழுதின ஒரு வெப் சர்வர். 2002-ல் அதையும் அப்போ உலகத்துல அதிகம் பயன்பட்ட அப்பாச்சியையும் சேர்த்து ஒரு சோதனை பண்ணாங்க. வேணும்னே மெதுவா பக்கத்தை வாங்குற ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து விட்டாங்க. அப்பாச்சி சுமார் 4,000 இணைப்புல விழுந்துடுச்சு. யாஸ் 80,000 தாண்டியும் பதில் கொடுத்துச்சு. சோதனையே எர்லாங்குக்குச் சாதகமான வகைங்கிறதும் உண்மை. அப்பாச்சியும் அதுக்கப்புறம் நிறைய மாறிடுச்சு. ஆனா நிறையப் பேர் மெதுவா காத்திருக்கிற இடத்துல எது தாங்கும்னு அந்தச் சோதனை காட்டிச்சு.

அப்படிப்பட்ட இடத்துக்குச் சரியான உதாரணம் உங்க கைபேசியிலயே இருக்கு. வாட்ஸ்அப் சர்வர்கள் எர்லாங்ல ஓடுது. பெரியம்மா அனுப்புற காலை வணக்கப் பூ, குடும்ப குரூப்ல வர்ற கல்யாண போட்டோ, எல்லாம் அந்த வழியாத்தான் வருது. 2012 ஜனவரியில, ஒரே ஒரு சர்வர்ல 20 லட்சம் இணைப்புகளை எட்டிட்டதா வாட்ஸ்அப் அறிவிச்சுது. 2014-ல் 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் அதை வாங்கும்போது மாசம் 45 கோடி பேர் பயன்படுத்திக்கிட்டிருந்தாங்க. அத்தனை பேருக்கும் என்ஜினீயர்கள் முப்பது பேர் சொச்சம்தான்.

ஹாஸ்கெல்லும் சும்மா இல்லை. அதுல வார்ப்னு ஒரு வெப் சர்வர் இருக்கு. சி மொழியில எழுதின என்ஜின்எக்ஸுக்குப் பக்கத்துல வர்ற வேகம். ஃபேஸ்புக்ல ஸ்பாமைத் தடுக்கிற சிக்மா என்கிற அமைப்பை ஹாஸ்கெல்லுக்கு மாத்தினாங்க. 2015-ல் அது வினாடிக்கு 10 லட்சத்துக்கு மேல ரிக்வெஸ்ட்களைக் கையாண்டுக்கிட்டிருந்தது.

சென்சஸ் இரவு

இவ்வளவு சொல்லிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இந்த நாட்டுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற சர்வர் கதை, 2016 ஆகஸ்ட் 9 சென்சஸ் இரவு. நம்ம வீடுகளுக்கு அந்தப் படிவத்துல ஒரு தனி அக்கறை உண்டு. 'வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?' என்கிற கேள்விக்குத் தமிழ்னு எழுதுறவங்க எண்ணிக்கையை வச்சுத்தான் மொழிபெயர்ப்புச் சேவையில இருந்து தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆதரவு கேக்கிறது வரைக்கும் நாம பேச முடியுது.

வெப்சைட் ஒரு மணி நேரத்துக்கு 10 லட்சம் படிவம் தாங்கும்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. ஆனா இரவு ஏழே முக்கால் வாக்குல வெப்சைட்டை மூடிட்டாங்க. சுமார் 40 மணி நேரம் கழிச்சுத்தான் திரும்ப வந்துச்சு. கூட்டம் தாங்காம விழுந்ததுன்னுதான் பலரும் நினைச்சாங்க. பிறகு அலஸ்டேர் மெக்கிபன் தலைமையில நடந்த விசாரணை வேற சொல்லிச்சு. வெளியில இருந்து வந்த தாக்குதல்கள் சின்னவைதான். வெளிநாட்டு இணைப்புகளைத் தடுக்க வச்சிருந்த ஏற்பாடு சரியா வேலை செய்யலை. ஒரு ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனப்போ சரியா எழும்பலை. அதோட, தகவல் திருட்டு நடக்குதோன்னு தோணவச்ச ஒரு தவறான அறிகுறி.

அதாவது, அன்னைக்கு சர்வரை ஹாஸ்கெல்ல எழுதியிருந்தாலும் காப்பாத்தியிருக்காது. மொழி ஒரு மந்திரக்கோல் இல்லை. ஆனா எர்லாங் உலகத்தோட முக்கியமான பழக்கம் இங்கதான் பொருந்துது. எதுவும் கெட்டுப் போகாதுன்னு நம்பிக் கட்டாதே. கெட்டுப் போகும்னு நினைச்சே கட்டு. ஒவ்வொரு சின்ன வேலைக்காரனுக்கும் மேல ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். வேலைக்காரன் விழுந்தா, அவர் வேற ஒருத்தரை சுத்தமான நிலையில திரும்ப எழுப்புவார். எழும்புறது அங்க தினசரி நடக்கிற வேலை, அதனால எழும்புமான்னு சந்தேகமே வராது. ரவுட்டரும் அப்படி அடிக்கடி எழுப்பிப் பார்க்கப்பட்டிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

2021 சென்சஸ் வேற அமைப்புல சுமுகமா நடந்தது. வீட்டில் தமிழ் பேசுறவங்க 2016-ல் சுமார் 73 ஆயிரம் பேர், 2021-ல் 95 ஆயிரத்துக்கு மேல. ஒரு பக்கம் ஒழுங்கா திறக்குதா என்கிறதுல எவ்வளவு அடங்கியிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, வேலை கிடைக்குமா?

நேரா சொல்றேன். ஹாஸ்கெல், எர்லாங் பேர் போட்ட வேலைகள் மெல்பர்ன்ல குறைவு. ஆள் கிடைக்காததும் ஒரு பிரச்சினை. ஃபேஸ்புக் தன்னோட சாட்டை முதல்ல எர்லாங்ல கட்டி, பின்னாடி சி பிளஸ் பிளஸுக்கு மாத்திடுச்சு. கனமான கணக்கு வேலைக்கு எர்லாங் மெதுவும்கூட.

ஆனா யோசனைகள் எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. ஜாவாவே 2023-ல் வந்த 21-ஆம் பதிப்புல லட்சக்கணக்குல உருவாக்கக் கூடிய லேசான த்ரெட்களைக் கொண்டு வந்தது. இன்னைக்கு நிறைய வெப்சைட்கள்ல பயன்படுற ரியாக்டோட முதல் மாதிரி, ஸ்டாண்டர்ட் எம்.எல். என்கிற ஃபங்ஷனல் மொழியில எழுதினது. உங்க வீட்டு பட்ஜெட் போடுற எக்செல்கூட இந்த வகைதான். ஒரு கட்டத்துல ஃபார்முலா எழுதுறீங்க, அது மத்த கட்டங்களைப் பார்க்குமே தவிர மாத்தாது. பேங்க்ல ஜாவா எழுதப் போற பிள்ளைக்கும், எந்தத் தகவலை யார் மாத்துறாங்கன்னு யோசிக்கிற பழக்கம் ஹாஸ்கெல்ல இருந்து வரும். அந்தப் பழக்கம் உள்ளவங்க எழுதின புரோகிராம் கூட்ட நாள்ல தப்பு பண்றது குறைவு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் பார்க்கிறது அதைத்தான்.

அதனால பிள்ளை ஹாஸ்கெல்னு முனகினா, 'பேசாம பாஸ் பண்ணு போதும்'னு சொல்லாதீங்க. சாப்பாட்டு மேசையில மூணு கேள்வி கேளுங்க. இந்த மதிப்பை ஏன் மாத்த முடியாது? மாத்த முடியாட்டா ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும்? ஒருத்தன் பாதியில விழுந்தா மத்தவனுக்குத் தெரியுமா? உங்களுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா பாடம் புரிஞ்சிருக்கு.

இன்னும் சின்னப் பிள்ளைன்னா மொழி முக்கியமில்லை. உங்க தமிழ்ப் பள்ளிக்கு ஒரு வெப் பேஜ் செய்யச் சொல்லுங்க. வகுப்பு நேரம், விடுமுறை நாள், கலைவிழா தேதி, எல்லாருக்கும் ஒரே பக்கம். அதை ஒவ்வொருத்தர் திறக்கும்போதும் டேட்டாபேஸ்ல தேடிப் புதுசா செய்யணுமா, இல்லை ஒரு தடவை செஞ்சு வச்சு அப்படியே கொடுத்தா போதுமா? என்ன எல்லாருக்கும் ஒண்ணு, என்ன ஆளுக்கு ஆள் மாறும்னு ஒரு பேப்பர்ல ரெண்டு பட்டியல் போடச் சொல்லுங்க. பத்து வயசுப் பிள்ளையால முடியும். அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடாம எடுத்து வையுங்க. எஃப்.ஐ.டி. 2102 வரும்போது அதையே எடுத்துக் காட்டலாம்.